தூய சார்புக்கு வித்திட்ட அலோன்சோ சர்ச்

பைத்தான் மொழியில் நிரல் எழுதப் பழகும் மாணவர்கள் சில வாரங்களிலேயே ‘லேம்டா’ என்ற சொல்லைச் சந்திக்கிறார்கள். பெயர் வைக்காமலேயே ஒரு சிறிய ஃபங்ஷனை ஒரே வரியில் எழுத உதவும் சொல் அது. நிரலாக்கம் கற்பிக்கும் என்னிடம் ஒவ்வோர் ஆண்டும் யாராவது ஒரு மாணவர் கேட்டுவிடுவார்: கிரேக்க எழுத்து ஒன்றின் பெயர் இங்கே எப்படி வந்தது?

ஒரே வரியில் பதில் சொல்லிவிடலாம். அமெரிக்கக் கணித அறிஞர் அலோன்சோ சர்ச் 1930களில் பயன்படுத்திய குறியீடு அது. ஆனால், அத்துடன் நிறுத்திக்கொள்ள எனக்கு மனம் வருவதில்லை. பியூர் ஃபங்ஷன், அதாவது தூய சார்பு என்ற கருத்தில்தான் மாணவர்கள் பலர் தடுமாறுகிறார்கள். சர்ச்சின் வாழ்க்கையோடு சேர்த்துச் சொன்னால் அது எளிதில் மனத்தில் பதிகிறது என்பது என் அனுபவம்.

எது தூய சார்பு?

ஃபங்ஷன் என்பதைக் கணிதத் தமிழில் சார்பு என்கிறோம். நாம் ஒன்றைக் கொடுத்தால், அதற்குரிய விடையைத் திருப்பித் தருவது சார்பு. சிங்கப்பூர் வெள்ளியை மலேசிய ரிங்கிட்டாக மாற்றும் சார்பு ஒன்றை எழுதுவதாக வைத்துக்கொள்வோம். தொகை, மாற்று விகிதம் ஆகிய இரண்டையும் அதனிடம் கொடுக்கிறோம். அது இரண்டையும் பெருக்கி விடை தருகிறது. தொகை 100, விகிதம் 3 என்றால் விடை 300. இன்று கேட்டாலும் அடுத்த ஆண்டு கேட்டாலும், ஒரு முறை கேட்டாலும் ஆயிரம் முறை கேட்டாலும் அதே 300தான். இது தூய சார்பு.

இப்போது மருந்தகத்தில் வரிசை எண் தரும் இயந்திரத்தை நினைத்துப் பாருங்கள். நீங்கள் பொத்தானை அழுத்தினால் 41 வருகிறது. அடுத்தவர் அதே பொத்தானை அழுத்தினால் 42 வருகிறது. செய்த செயல் ஒன்றே; விடை வேறு. இயந்திரத்துக்குள் ஓர் எண்ணிக்கை ஒளிந்திருக்கிறது. ஒவ்வொருவரும் அழுத்தும்போது அது மாறுகிறது. இப்படி எழுதப்படும் சார்பு தூயதன்று.

ஆக, தூய சார்புக்கு இரண்டு நிபந்தனைகள் உண்டு. ஒன்று, அதனிடம் கொடுக்கப்பட்ட உள்ளீட்டை மட்டுமே நம்பி அது விடை தர வேண்டும். இரண்டு, விடை தருவதைத் தவிர வெளியுலகில் அது எதையும் மாற்றக்கூடாது. கேட்பதற்கு எளிமையாக இருக்கும் இந்த ஒழுங்கு, நிரலாக்கத்துக்காக உருவானதன்று. மின்னணுக் கணினியே இல்லாத காலத்தில், கணிதத்தின் அடித்தளத்தைப் பற்றி எழுந்த ஒரு பெரிய கவலையிலிருந்து அது பிறந்தது. அந்தக் கவலையைத் தன் வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொண்டவர்களில் ஒருவர்தான் சர்ச்.

பார்வை குறைந்த மாணவர்

அலோன்சோ சர்ச் 1903ஆம் ஆண்டு ஜூன் 14ஆம் தேதி வாஷிங்டன் நகரில் பிறந்தார். தந்தை அந்நகரின் நீதிமன்றம் ஒன்றில் நீதிபதி. பார்வையும் கேட்கும் திறனும் குன்றியதால் அவர் அந்தப் பதவியைவிட்டு விலக நேர்ந்தது. குடும்பம் வர்ஜீனியா மாநிலத்தின் கிராமப்புறத்துக்குக் குடிபெயர்ந்தது. வசதி படைத்த உறவினர் ஒருவர் கைகொடுத்ததால், சர்ச்சால் கனெக்டிகட் மாநிலத்தில் நல்லதொரு தனியார் பள்ளியில் படிக்க முடிந்தது. பள்ளிப் பருவத்தில் காற்றுத் துப்பாக்கியால் ஏற்பட்ட விபத்தில் அவருக்கு ஒரு கண்ணின் பார்வை பாதிக்கப்பட்டது.

1920இல் பள்ளிப் படிப்பை முடித்துப் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். இளநிலை மாணவராக இருக்கும்போதே ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். அந்த நாள்களில் ஒரு முறை சாலையைக் கடக்க இறங்கியபோது, பார்வை குறைந்த பக்கமாக வந்த டிராம் வண்டி அவர்மீது மோதியது. மருத்துவமனையில் அவரைக் கவனித்துக்கொண்ட தாதிமைப் பயிற்சி மாணவி மேரி ஜூலியா குசின்ஸ்கியை அவர் 1925இல் மணந்துகொண்டார். இருவரும் மூன்று பிள்ளைகளை வளர்த்தார்கள். 1976இல் மேரி மறையும்வரை அந்த இல்லறம் நீடித்தது.

1927இல் ஆஸ்வால்ட் வெப்லனின் வழிகாட்டுதலில் முனைவர் பட்டம் பெற்றார். அடுத்த இரண்டு ஆண்டுகளை ஆய்வு உதவித்தொகையுடன் ஹார்வர்டிலும், பிறகு ஐரோப்பாவில் கோட்டிங்கன், ஆம்ஸ்டர்டாம் நகரங்களிலும் கழித்தார். 1929இல் பிரின்ஸ்டனுக்கே ஆசிரியராகத் திரும்பினார்.

இடிந்த கட்டடமும் எஞ்சிய தூணும்

அந்தக் காலத்தில் கணித உலகம் நிம்மதியாக இல்லை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கணிதத்துக்கு அடித்தளமாக முன்வைக்கப்பட்ட தர்க்க முறைகளுக்குள் முரண்பாடுகள் இருப்பது தெரியவந்தது. ஒரே முறையைக் கொண்டு ஒரு கூற்றை மெய்யென்றும் பொய்யென்றும் நிறுவ முடிந்தால், அதை நம்பி எதைக் கட்டுவது? முரண்பாடு இல்லாத புதிய அடித்தளத்தைப் பலரும் தேடினார்கள்.

1932இலும் 1933இலும் சர்ச் தன்னுடைய முறையை இரண்டு கட்டுரைகளாக வெளியிட்டார். அதன் நடுநாயகமாக இருந்தது சார்பு. ஒரு சார்பை எழுதுவதற்கு அவர் லேம்டா என்ற கிரேக்க எழுத்தைப் பயன்படுத்தினார். லேம்டாவுக்குப் பக்கத்தில் உள்ளீட்டின் பெயர். அதன்பின் ஒரு புள்ளி. புள்ளிக்குப் பின் அந்த உள்ளீட்டை வைத்து என்ன செய்ய வேண்டும் என்ற விவரம். அவ்வளவுதான். பைத்தானில் நீங்கள் எழுதும் லேம்டா வரியும் அதே அமைப்புதான். புள்ளி இருந்த இடத்தில் முக்காற்புள்ளி வந்திருக்கிறது.

சர்ச்சிடம் அப்போது ஸ்டீபன் கிளீனி, பார்க்லி ராசர் என்ற இரண்டு இளம் மாணவர்கள் இருந்தார்கள். ஆசிரியரின் முறையை அவர்கள் ஆழமாக ஆராய்ந்தார்கள். அதன் முடிவு ஆசிரியருக்குக் கசப்பானது. அந்த முறைக்குள்ளும் முரண்பாடு இருக்கிறது என்று அவர்கள் கண்டுபிடித்து, 1935இல் கட்டுரையாகவே வெளியிட்டார்கள். முரண்பாட்டைத் தவிர்ப்பதற்காகக் கட்டிய கட்டடம் முரண்பாட்டாலேயே இடிந்தது. இடித்துக் காட்டியவர்கள் சொந்த மாணவர்கள்.

வேறொருவராக இருந்தால் மனம் வெறுத்திருக்கலாம். சர்ச் இடிபாடுகளுக்கிடையே எது உறுதியாக நிற்கிறது என்று பார்த்தார். தர்க்கத்துக்கான விதிகளை நீக்கிவிட்டுச் சார்புகளைப் பற்றிய பகுதியை மட்டும் தனியே எடுத்தால் அதில் பழுது இல்லை. அந்தப் பகுதியைத்தான் இன்று லேம்டா கால்குலஸ் என்கிறோம். முறையை உடைத்துக் காட்டிய அதே ராசருடன் சேர்ந்து, 1936இல் சர்ச் ஒரு தேற்றத்தை வெளியிட்டார். சர்ச்-ராசர் தேற்றம் என்று அது பெயர் பெற்றது.

அந்தத் தேற்றம் சொல்வதை ஒரு பள்ளிக் கணக்கைக் கொண்டே புரிந்துகொள்ளலாம். 2ஐயும் 3ஐயும் கூட்டி, 4ஐயும் 5ஐயும் கூட்டி, இரு விடைகளையும் பெருக்க வேண்டும். எந்தக் கூட்டலை முதலில் செய்தால் என்ன? விடை 45தான். லேம்டா கால்குலஸில் எழுதிய எந்தக் கணக்குக்கும் இது பொருந்தும். வெவ்வேறு வரிசையில் சுருக்கிக்கொண்டு போய் இறுதி விடையை எட்டினால், அந்த விடைகள் ஒருபோதும் மாறுபடா. வரிசை எண் இயந்திரத்திடம் இந்த உறுதியை எதிர்பார்க்க முடியாது. அங்கே யார் முதலில் அழுத்தினார் என்பதே விடையைத் தீர்மானிக்கிறது.

சார்புகளால் மட்டுமே ஆன உலகம்

லேம்டா கால்குலஸில் சார்பைத் தவிர வேறு பொருளே கிடையாது. எண்கள்கூடத் தனியாக இல்லை. 3 என்ற எண்ணை எப்படிச் சொல்வது? கொடுத்த வேலையை மூன்று முறை செய்யும் சார்பு என்று சொல்லலாம். இப்படி எண்களை அமைத்தால் கூட்டலும் பெருக்கலும் எளிதில் வந்துவிடுகின்றன. ஆனால், ஓர் எண்ணிலிருந்து ஒன்றைக் கழிப்பது பெரும் சிக்கலாக இருந்தது. அது முடியவே முடியாதோ என்று சர்ச் ஏறக்குறைய முடிவுக்கே வந்துவிட்டார். வழியைக் கண்டுபிடித்தவர் மாணவர் கிளீனி. பல் மருத்துவரிடம் ஞானப்பல் பிடுங்கப் போயிருந்தபோது அந்த யோசனை தோன்றியதாக அவர் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார்.

கழித்தலும் கைக்கு வந்தபின், மனிதர் தாளில் விதிப்படி செய்யக்கூடிய கணக்குகள் ஒவ்வொன்றாக லேம்டா கால்குலஸுக்குள் வரத் தொடங்கின. சர்ச்சுக்குத் துணிச்சலான எண்ணம் ஒன்று எழுந்தது. விதிப்படி கணக்கிடக்கூடியவை எல்லாமே இந்தச் சார்புகளால் கணக்கிடக்கூடியவைதான் என்று அவர் முன்மொழிந்தார்.

இது ஏன் முக்கியம்? ஜெர்மானியக் கணித மேதை டேவிட் ஹில்பர்ட்டும் அவருடைய மாணவர் ஆக்கர்மானும் 1928இல் ஒரு கேள்வியை முன்வைத்திருந்தார்கள். எந்தத் தர்க்கக் கூற்றைக் கொடுத்தாலும், அது எல்லாச் சூழலிலும் உண்மையாகுமா என்று இயந்திரம்போல் கணக்கிட்டுச் சொல்லும் வழிமுறை ஒன்று உண்டா? உண்டு என்றால் ஒரு வழிமுறையைக் காட்டினால் போதும். இல்லை என்று நிறுவ வேண்டுமானால், வழிமுறை என்பது எது என்று முதலில் வரையறுத்தாக வேண்டும். சர்ச் அந்த வரையறையைத் தன் சார்புகளைக் கொண்டு கொடுத்தார். 1936இல், அப்படியொரு வழிமுறை இருக்கவே முடியாது என்று நிறுவினார்.

தூய சார்பும் டூரிங் இயந்திரமும்

அதே ஆண்டில் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் 23 வயது இளைஞர் ஒருவர் வேறொரு பாதையில் நடந்து அதே முடிவை அடைந்தார். அவர் ஆலன் டூரிங். அவர் கற்பனை செய்த இயந்திரம் ஒரு நீண்ட நாடாவில் குறிகளைப் படிக்கும், அழிக்கும், மாற்றி எழுதும். ஒவ்வோர் அடியிலும் அதன் நிலை மாறிக்கொண்டே இருக்கும். சர்ச்சின் உலகில் எதுவும் அழிக்கப்படுவதில்லை; எதுவும் மாற்றி எழுதப்படுவதில்லை. உள்ளீடு வருகிறது, விடை பிறக்கிறது. இவ்வளவு வேறுபட்ட இரண்டு முறைகளாலும் கணக்கிடக்கூடியவை ஒன்றேதான் என்று டூரிங் நிறுவிக் காட்டினார்.

சர்ச் முந்திக்கொண்டதை அறிந்த டூரிங்கின் ஆசிரியர் மேக்ஸ் நியூமன், டூரிங்கைப் பற்றி சர்ச்சுக்குக் கடிதம் எழுதினார். 1936 செப்டம்பரில் டூரிங் பிரின்ஸ்டன் வந்து சேர்ந்து, சர்ச்சின் மாணவராகவே 1938இல் முனைவர் பட்டம் பெற்றார்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. சர்ச்சின் வரையறையை அக்காலத்தின் தலைசிறந்த தர்க்க அறிஞர் கர்ட் கோடெல் முதலில் ஏற்கவில்லை. டூரிங்கின் இயந்திரத்தைப் பார்த்தபின்தான் அவருக்கு நம்பிக்கை வந்தது. தன்னைவிட ஒன்பது வயது இளையவரின் விளக்கம் தன்னுடையதைவிட எளிதில் ஏற்கப்பட்டதை சர்ச் மறைக்கவில்லை. 1937இல் டூரிங்கின் கட்டுரைக்கு எழுதிய மதிப்புரையில், அதன் சிறப்பை ஒப்புக்கொண்டார். இன்று உலகமே சொல்லும் டூரிங் இயந்திரம் என்ற பெயரை வழங்கியதும் அந்த மதிப்புரைதான்.

துடைத்த கரும்பலகை

சர்ச்சின் வகுப்பில் படித்த கணித அறிஞர் ஜான் கார்லோ ரோட்டா, தன் ஆசிரியரைப் பற்றிச் சுவையான நினைவுகளைப் பதிவு செய்திருக்கிறார். வகுப்புக்குள் நுழைந்ததும் சர்ச் கரும்பலகையைத் துடைக்கத் தொடங்குவாராம். பழைய எழுத்தின் தடம்கூட மிஞ்சக்கூடாது. சில நாள்களில் சோப்பும் தண்ணீரும் வேண்டியிருக்கும். பலகை காயும்வரை வகுப்பு அமைதியாகக் காத்திருக்கும். அதன்பிறகு, அச்சில் வந்த பத்தியைப் படிப்பதுபோல நிதானமாக, முழு வாக்கியங்களில் பாடம் நடத்துவாராம்.

தூய சார்பை விளக்கும்போது நான் இந்தக் கரும்பலகையைச் சொல்வதுண்டு. முந்தைய வகுப்பில் யாரோ எழுதிய எண் ஒன்று பலகையின் மூலையில் தங்கிவிட்டால், அது இன்றைய கணக்கில் கலந்துவிடும். நிரலில் பல பகுதிகள் பகிர்ந்துகொள்ளும் மாறிகள் அப்படிப்பட்ட மூலைகள்தான். மாணவர்களின் திட்டப்பணிகளில் நேற்று சரியாக ஓடிய நிரல் இன்று ஏன் தவறான விடை தருகிறது என்று தேடும்போது, பெரும்பாலும் எங்கோ ஒரு சார்பு சொல்லாமல் கொள்ளாமல் பொது மாறி ஒன்றை மாற்றியிருப்பதைப் பார்க்கிறேன். தூய சார்பில் அந்தத் தேடலுக்கு வேலையில்லை. தவறு இருந்தால் அந்தச் சில வரிகளுக்குள்தான் இருக்க வேண்டும்.

தாளிலிருந்து கணினிக்கு

1958இல் ஜான் மெக்கார்த்தி லிஸ்ப் என்ற நிரல்மொழியை வடிவமைக்கத் தொடங்கியபோது, சர்ச்சின் லேம்டா குறியீட்டை எடுத்துக்கொண்டார். 1960களில் பீட்டர் லாண்டின், நிரல்மொழிகளின் பொருளை லேம்டா கால்குலஸைக் கொண்டு விளக்கலாம் என்று காட்டினார். 1990இல் தூய சார்புகளையே அடிப்படையாகக் கொண்ட ஹாஸ்கல் மொழி வெளிவந்தது. 2014இல் ஜாவாவின் எட்டாம் பதிப்பிலும் லேம்டா இடம்பிடித்தது. எக்செல் விரிதாளில்கூட இப்போது லேம்டா என்ற பெயரிலேயே ஒரு வசதி இருக்கிறது.

இவ்வளவு பேர் தேடிப்போவதற்குக் காரணம் உண்டு. தூய சார்பைச் சோதிப்பது எளிது. உள்ளீட்டைக் கொடுத்து விடையைச் சரிபார்த்தால் போதும். ஒரு முறை கண்ட விடையைச் சேமித்துவைத்து மீண்டும் பயன்படுத்தலாம், அது மாறப்போவதில்லை. ஒன்றின் விடை மற்றொன்றுக்குத் தேவைப்படாத கணக்குகளைப் பல கணினிகளுக்குப் பிரித்துக் கொடுக்கலாம். எது முதலில் முடிந்தாலும் விடை கெடாது. சர்ச்சும் ராசரும் தாளில் நிறுவிய உறுதிதான் இங்கே பலன் தருகிறது.

ஆனால், முழுக்கத் தூயதாக மட்டுமே இருக்கும் நிரலால் திரையில் ஒரு சொல்லைக்கூடக் காட்ட முடியாது. கோப்பில் ஒரு வரியைக்கூடச் சேமிக்க முடியாது. அவையெல்லாம் வெளியுலகை மாற்றும் செயல்கள். அதனால், கணக்கிடும் பகுதியைத் தூய சார்புகளாக நடுவில் வைத்து, படிப்பதையும் காட்டுவதையும் சேமிப்பதையும் ஓரங்களில் தனியே வைப்பது நல்ல பழக்கம். வெள்ளியை ரிங்கிட்டாக மாற்றும் சார்பு, விகிதத்தைத் தானே இணையத்தில் தேடிப் போகவேண்டாம். வேறொரு பகுதி விகிதத்தை எடுத்துவந்து அதன் கையில் கொடுக்கட்டும்.

நீண்ட பயணம்

சர்ச் 1967வரை பிரின்ஸ்டனில் பணியாற்றினார். ஓய்வு பெறும் வயதில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் வளாகத்துக்கு மாறி, 1990வரை அங்கே கற்பித்தார். 1936இல் தொடங்கப்பட்ட குறியீட்டுத் தர்க்க ஆய்விதழின் மதிப்புரைப் பகுதியை 1979வரை, அதாவது 43 ஆண்டுகள் கவனித்துக்கொண்டார். அவரிடம் முப்பதுக்கும் மேற்பட்டோர் முனைவர் பட்டம் பெற்றார்கள். அவர்களில் மைக்கேல் ராபினும் டேனா ஸ்காட்டும் கணினித் துறையின் உயரிய விருதான டூரிங் விருதை 1976இல் பெற்றார்கள். ஆசிரியரின் ஒரு மாணவர் பெயரில் அமைந்த விருது அவருடைய வேறு இரு மாணவர்களுக்குக் கிடைத்தது.

1995ஆம் ஆண்டு ஆகஸ்ட் 11ஆம் தேதி, ஒஹாயோ மாநிலத்தின் ஹட்சன் நகரில் தம் 92ஆம் வயதில் சர்ச் காலமானார். பிரின்ஸ்டனில் அடக்கம் செய்யப்பட்டார்.

கணிதம் முழுவதற்கும் அடித்தளம் போட நினைத்தார், அது நிறைவேறவில்லை. உடைந்ததை ஒளிக்காமல், உடைத்தவர்களையே உடன் சேர்த்துக்கொண்டு, நிலைத்து நிற்கக்கூடிய சிறு பகுதியைப் பிரித்தெடுத்தார். அந்தச் சிறு பகுதிதான் இன்று நம் கைப்பேசியிலும் மடிக்கணினியிலும் ஓடும் எண்ணற்ற நிரல்களில் வாழ்கிறது.

அடுத்த முறை நீங்கள் ஒரு சார்பு எழுதி முடித்ததும் இரண்டு கேள்விகள் கேட்டுப் பாருங்கள். கையில் கொடுத்ததைத் தவிர வேறு எதையாவது இது எட்டிப் பார்க்கிறதா? விடை தருவதைத் தவிர வேறு எதையாவது இது மாற்றிவிட்டுப் போகிறதா? இரண்டுக்கும் இல்லை என்று பதில் வந்தால், அந்தச் சில வரிகளை நீங்கள் நம்பலாம்.